வாவிக்கரைக் கடைத்தொகுதி: ரோமத் தூண் நிறுத்துவதற்கு முன்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு–கல்முனை வீதியோரத்தில், வாவிக்கு முதுகைக் காட்டியபடி, சுனாமிக்குப் பிறகு எழுந்த திறந்தவெளிக் கடைத்தொகுதி ஒன்று இருக்கிறது. எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்கு 20 கடை, நடுவே கொங்கிரீட் முற்றம். காலையில் கொஞ்சம் சனம் வரும், மாலையில் கொஞ்சம் வரும். பகல் 11 மணி தொடக்கம் 4 மணி வரை ஈ காக்கை இல்லை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தொகுதியைத் திருத்தி எழுப்ப வர்த்தகர் சங்கம் முடிவு செய்திருக்கிறது. ரோமாபுரிக் கட்டடங்களைப் போல உயர்ந்த தூண்களும் முக்கோண முகப்பும் வைத்து ஒரு வரைபடமும் தயாராகிவிட்டது. "செவ்வியல் கட்டடக்கலை முறையில் மாற்றினால் எங்கள் தொகுதி எழும்புமா, ஐயா?" என்று சங்கச் செயலாளர் தம்பி கேட்டிருக்கிறார்.

எழும்பும், தம்பி. ஆனால் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எழும்பாது. அதில் செவ்வியல் முறையின் சட்டை இருக்கிறது, உடம்பு இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். இந்தக் கரையில் நாற்பது வருடம் வரைபடம் கீறியவன் என்ற முறையில் இதில் எனக்கு அக்கறை இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு அங்கே வந்து நின்றேன். வீதியோர வரிசையில் பிளாஸ்டிக் சாமான் விற்கும் கடை ஒன்று. வாசலில் நீல வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வாளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கடைக்குள் பார்த்த பக்கம் நல்ல நீலம். முற்றத்தைப் பார்த்த பக்கம் சாம்பல் பூத்து வெளிறியிருந்தது. கடைக்காரர் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கம்பியில் கட்டி வாசலை மறைத்திருந்தார். எதிர் வரிசையிலிருந்து பார்த்தால் கடை பூட்டிக் கிடப்பது போலத்தான் தெரியும். உங்கள் தொகுதியின் நோய் முழுவதும் அந்த வாளியில் எழுதியிருக்கிறது.

நம்முடைய பிரதான வீதி கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. வீதிக்குச் சமாந்தரமாகக் கடை வரிசை போட்டால் ஒரு வரிசை கிழக்கையும் மற்றது மேற்கையும்தான் பார்க்கும். வடக்கோ தெற்கோ பார்த்த சுவருக்கு இரண்டு மூன்று அடி தாழ்வாரமே பெரும்பாலும் போதும். நமது ஊரில் சூரியன் உச்சிக்கு அருகில் செல்வதால் அந்தப் பக்கங்களில் வெயில் சுவரை ஒட்டியே இறங்கும். மேற்கு அப்படியல்ல. பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் பாதி வானத்தில் நிற்கும், அப்போது எட்டடி உயர வாசலுக்குள் எட்டடி தூரத்துக்கு வெயில் நுழையும். வீதியோர வரிசையின் 20 கடைகளும் தினமும் அந்த அடியை வாங்குகின்றன. வாவியோர வரிசை காலையில் வாங்குகிறது. இரண்டுக்கும் நடுவே வெறும் கொங்கிரீட் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி வரை திருப்பிக் கொடுக்கிறது. இந்த இடத்தில் 14 அடித் தூண் இரண்டு டசின் நிறுத்தினாலும் அவற்றின் நிழலில் ஒரு சைக்கிளைக்கூட வைக்க முடியாது.

இனி, செவ்வியல் என்றால் என்ன? ரோமக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் கிமு முதலாம் நூற்றாண்டில் எழுதிய நூலில் ஒரு கட்டடத்திடம் மூன்றைக் கேட்கிறார்: உறுதி, பயன், அழகு. சந்தைச் சதுக்கத்தைப் பற்றியும் அவர் தனியாகச் சொல்லியிருக்கிறார். ஊரின் சனத்தொகைக்கு ஏற்ற அளவில் சதுக்கம் இருக்க வேண்டும். சனம் நெருக்குப்படும் அளவுக்குச் சிறுத்தும் போகக்கூடாது, ஆளில்லாத பாலைவனம் போல விரிந்தும் கிடக்கக்கூடாது. நீளத்தை மூன்று பங்காக்கி, அதில் இரண்டு பங்கை அகலமாக வைக்கச் சொல்கிறார். சதுக்கத்தைச் சுற்றிவரத் தூண் வைத்த நடைக்கூடங்களையும், அவற்றுக்குள் கடைகளையும் வைக்கச் சொல்கிறார். கவனியுங்கள், தூண் அங்கே முகப்பு அலங்காரமாக வரவில்லை. கடைக்கு வருகிறவன் நடந்து போவதற்கான கூரையைத் தாங்கத்தான் வருகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் ஏதென்ஸ் நகரத்துப் பழைய சந்தைவெளியில் இருக்கும் அட்டலோஸின் ஸ்டோவா என்ற தூண் நடைக்கூடத்தைப் படத்திலாவது பாருங்கள். கிமு 159 முதல் 138 வரை, இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமோன் அரசை ஆண்ட இரண்டாம் அட்டலோஸ் அந்த நகரத்துக்குக் கொடுத்த பரிசு அது. சுமார் 115 மீட்டர் நீளம், உங்கள் வரிசையைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டு மாடி, மாடிக்கு 21 கடை. அழிந்து கிடந்ததை 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய அத்திவாரத்தின் மேலேயே மறுபடி கட்டினார்கள். இன்று அது அந்தச் சந்தைவெளியின் நூதனசாலை. கடைகள் பின்னால் ஒதுங்கியிருக்கும். அவற்றுக்கு முன்னால் அகலமான விறாந்தை. வெளி விளிம்பில் 45 தூண், உள்ளே நடுவில் 22 தூண். உள்ளே பாதியாகக் குறைத்தது சும்மா இல்லை. சாமான் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவனுக்கு இடறக்கூடாது.

அந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வெளித் தூண்களில் மேலிருந்து கீழாக வரி வரியாகக் குழிவு செதுக்கியிருப்பார்கள். ஆனால் தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை அந்தச் செதுக்கலே இல்லை, வழவழவென்று வெறும் உருண்டை. சந்தையில் மூட்டையும் தோளும் உரசும் இடத்தில் கூர்மையான விளிம்பு வைத்தால் உடைந்து போகும் என்று அந்தக் கல்தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாயிரத்து நூறு வருடத்துக்கு முன் ஒருவன் சந்தைச் சனத்தின் தோளை நினைத்துத் தூண் செதுக்கியிருக்கிறான். உங்கள் வரைபடத்தில் அடியிலிருந்து நுனி வரை குழிவு போட்டு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெற்றிலை எச்சிலும் தள்ளுவண்டிக் கைப்பிடியும் முதல் வருடத்திலேயே அதை முடித்துவிடும். தூணின் கீழ் மூன்றடிக்குச் சிவப்புச் சீமெந்துப் பூச்சை வழவழப்பாக இழைத்து விடுங்கள். நம் பழைய வீடுகளின் திண்ணையில் பாட்டிமார் சாய்ந்து சாய்ந்து மினுக்கம் ஏறிய அதே பூச்சு.

கிரேக்கம் வரை போகத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. நமது முன்னோரும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் கடற்கரைப் பாக்கத்துக்கும் உள்நகர்ப் பாக்கத்துக்கும் இடையே பகற்சந்தையாகிய நாளங்காடி நடந்தது ஒரு சோலையில்; நெருங்கி நின்ற மரங்களே அங்கே கடைகளுக்குக் கால். கோயிலில் வெயிலுக்கும் மழைக்கும் சனம் ஒதுங்குவது தூண் மண்டபத்தில். மதுரையில் 17ஆம் நூற்றாண்டுப் புதுமண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையற்காரரும் பாத்திரக் கடைக்காரரும் நம் காலம் வரை வியாபாரம் செய்தார்கள். கொழும்பில் ஒல்லாந்தர் கட்டிய பழைய ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011 டிசம்பரில் கடைத்தொகுதியாகத் திறந்தார்கள். நடுவே இரண்டு முற்றம், சுற்றிவரத் தாழ்ந்த ஓட்டுக்கூரை விறாந்தை. புதிதாக ஒரு ரோமத் தூணும் அங்கே நிறுத்தவில்லை, சனம் நிறைந்து கிடக்கிறது. கிரேக்கரும் தமிழரும் ஒல்லாந்தரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்யவில்லை. வெயில் கொளுத்தும் ஊரில் விற்கவும் வாங்கவும் ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

இப்போது உங்கள் முற்றத்துக்கு அளவுநாடாவை எடுத்து வருவோம். கடை ஒன்றின் முகப்பு 12 அடி, 20 கடைக்கு 240 அடி நீளம். வரிசைக்கு வரிசை இடைவெளி 92 அடி. கடை உயரம் 13 அடி. அதாவது உயரத்தைப் போல ஏழு மடங்கு அகலம். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக்கலைஞர் அல்பெர்ட்டி இதற்கும் ஒரு கணக்குச் சொன்னார்: சதுக்கத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களின் உயரம் வெளியின் அகலத்தில் மூன்றில் ஒன்று இருந்தால் நல்லது, ஆறில் ஒன்றுக்குக் குறையக்கூடாது. ஏழில் ஒன்று என்றால் வெளியில் நிற்பவனுக்குச் சுற்றிவரச் சுவர் இருக்கும் உணர்வே வராது. உங்கள் முற்றத்தில் நின்றபோது எனக்கு விளையாட்டுமைதானத்தில் நிற்பது போல இருந்ததற்குக் காரணம் அதுதான். நீளமும் அப்படியே: 240க்கு 92 என்பது ஒரு முற்றம் அல்ல, நடக்க நடக்க முடியாத தெரு.

வரிசைகளை இடித்து நகர்த்தச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் 10 அடி ஆழ விறாந்தை இறக்குங்கள். 92 அடி முற்றம் 72 அடியாகச் சுருங்கும். கடையின் முன்சுவரை மூன்றடி உயர்த்தி, 16 அடியிலிருந்து ஓட்டுக்கூரை இறங்கி வரட்டும். 72க்கு 16 என்றால் நாலரைக்கு ஒன்று, அல்பெர்ட்டியின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். உயர்த்திய மூன்றடிச் சுவரில் சல்லடைக் கல் வைத்தால் கடைக்குள் தகரத்தின் கீழ் அடைபட்டுக் கிடக்கும் சூடும் வெளியேறும்.

பிறகு ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் உள்ள இரண்டிரண்டு கடையை, அதாவது பத்தாவதையும் பதினோராவதையும், திறந்துவிடுங்கள். வீதியிலிருந்து வாவி வரை 24 அடி அகலத்தில் ஒரு நேர்வழி கிடைக்கும். அந்த வழியின் மேல் முற்றத்தைக் குறுக்காகத் தாண்டும் ஒரு திறந்த மண்டபம் போடுங்கள். சுவர் வேண்டாம், கூரையும் தூணும் போதும். இப்போது 240 அடியில் 24 போக 216, இரண்டாகப் பிரித்தால் 108. ஆக 108க்கு 72 அடியில் இரண்டு முற்றங்கள். 108ஐ மூன்று பங்காக்கி இரண்டு பங்கு எடுங்கள், சரியாக 72. விட்ருவியஸ் சொன்ன மூன்றுக்கு இரண்டு உங்கள் காணிக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிறது! கடதாசியில் இந்தக் கணக்கு வந்து விழுந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அந்த நேர்வழி வெறும் காற்றோட்டத்துக்கு மட்டும் இல்லை. கோயில் கோபுர வாசலில் நிற்கும்போது கொடிமரம், பலிபீடம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தாண்டி, உள்ளே மூலஸ்தானத்து விளக்கு ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிதான் காலை உள்ளே இழுக்கிறது. இன்று பஸ்ஸில் போகிறவனுக்கு உங்கள் தொகுதி என்றால் விளம்பரம் எழுதிய பின்சுவர் மட்டும்தான். நடுவைத் திறந்தால் வீதியில் நின்றபடியே நிழல் மண்டபம், அதற்கு அப்பால் மினுங்கும் வாவித் தண்ணீர் தெரியும். மட்டக்களப்பில் பிறந்து வாவிக்கு முதுகைக் காட்டிக் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். புளியந்தீவில் காந்தி பூங்காவுக்குச் சனம் மாலையில் ஏன் போகிறது? கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கத்தான். உங்களுக்கு அதே தண்ணீர் பின்வளவில் இருக்கிறது, அங்கே இப்போது காட்போட் பெட்டி எரிக்கிறீர்கள்.

எடுபட்ட நான்கு கடைக்கும் இடம் வேண்டுமே? முற்றத்தின் தென் எல்லையில் இரண்டு, வட எல்லையில் இரண்டு, உட்பக்கம் பார்த்தபடி கட்டிக் கொடுங்கள். மூலைகள் அடைபட்டால்தான் முற்றம் முற்றமாக இருக்கும். வடக்கில் வாகன வாசலுக்கு மட்டும் வழி விடுங்கள். லொறி காலை எட்டு மணிக்குள் வந்து இறக்கிவிட்டுப் போகட்டும். மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வடபுறத்து 20 பேர்ச் வெற்றுக்காணியில் நிற்கட்டும். முற்றத்துக்குள் வாகனம் வந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தூணுக்கு வருகிறேன். வரைபடத்தில் 14 அடி உயரம், 9 அங்குலக் குறுக்களவு, தூணுக்குத் தூண் 20 அடி. அச்சில் வார்த்த கொங்கிரீட். தூணின் உயரத்தை அதன் குறுக்களவால் அளப்பதுதான் செவ்வியல் முறை. எளிய வகைத் தூணுக்கு விட்ருவியஸ் சொல்வது ஏழு மடங்கு. உங்களுடையது பதினெட்டு மடங்குக்கு மேல். ஒரு தூணுக்குரிய கனமே அதில் இல்லை, கொடிக்கம்பம் போல நிற்கும். கண்ணுக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் பாரத்தைத் தாங்காத தூணைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அழகை விடுங்கள், உறுதியும் இல்லை. மெல்லிய வார்ப்புத் தூணில் கம்பிக்கு மேல் முக்கால் அங்குலம்கூடக் கொங்கிரீட் இருக்காது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீசும் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சைப் பிளந்து தள்ளிவிடும். கடற்கரையோரத்துப் பழைய மதில்களில் கம்பி எலும்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்வது 9 அடி உயரம், 15 அங்குலக் குறுக்களவில் உருண்டைச் செங்கல் தூண். ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல், நிமிர்ந்து நிற்கும். இரண்டு கடைக்கு நடுச்சுவர் எங்கே வருகிறதோ அதற்கு நேரே ஒரு தூண், 12 அடிக்கு ஒன்று. அப்படிச் செய்தால் எந்தக் கடை வாசலையும் தூண் மறைக்காது, ஒவ்வொரு கடைக்கும் தனக்கென ஒரு சட்டம் கிடைக்கும். தூண்கள் இவ்வளவு தள்ளி நின்றால் கல் உத்தரம் தாங்காது, மர உத்தரம் போட வேண்டும் என்பது விட்ருவியஸ் சொன்னதுதான். அத்தகைய கட்டடம் தாழ்ந்து அகன்று தோன்றும் என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். நமக்கு அந்தத் தாழ்வும் அகலமும்தான் வேண்டும். ஒவ்வொரு தூணின் நடுவிலும் ஒரு கனமான கம்பி, சுற்றிவரக் கொங்கிரீட் நன்றாக இறுகி, அத்திவாரத்திலிருந்து உத்தரம் வரை போய் முறுக்காணியால் பூட்டப்பட வேண்டும். கைமரம் ஒவ்வொன்றும் உத்தரத்தோடு கட்டப்பட வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியை நேரில் கண்டவர்கள் உங்கள் சங்கத்திலும் இருப்பார்கள். கூரைகள் எப்படிப் பறந்தன என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தூணுக்கு மேல், ஓட்டுக்குக் கீழ், ஒரு பட்டை வரும். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக்கலைஞர் வின்யோலா அந்தப் பட்டைப்பகுதிக்குத் தூண் உயரத்தில் நாலில் ஒன்று கொடுத்தார். 9 அடிக்கு நாலில் ஒன்று இரண்டேகால் அடி. கடைப் பெயர்ப்பலகைகள் எல்லாம் அந்த இரண்டேகால் அடிக்குள் மட்டும். இன்று ஒருவர் பலகையை மறைக்க அடுத்தவர் அதைவிடப் பெரிதாக வைக்கிறார். ஒரு பலகையையும் வாசிக்க முடியவில்லை. எழுத்தும் நிறமும் அவரவர் விருப்பம், உயரம் மட்டும் ஒன்று. இந்த ஒழுங்கு ஒன்றுக்கே தொகுதியின் முகம் பாதி மாறிவிடும், செலவும் அதிகமில்லை.

இந்த அளவில் விறாந்தை அமைந்தால் பிற்பகல் மூன்று மணி தாண்டும் வரை வீதியோர வரிசையின் வாசற்படியில் வெயில் படாது. அதற்குப் பிறகு சூரியன் சரிந்து உள்ளே எட்டிப் பார்க்கும். அந்த நேரத்துக்கு உத்தரத்திலிருந்து சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி போதும். அதைவிட நல்லது மரம். விறாந்தையிலிருந்து பதினைந்து அடி தள்ளி வரிசையாகப் பூவரசும் வேம்பும் வையுங்கள். பூவரசு உப்புநிலத்துக்கு அஞ்சாது. ஆலும் அரசும் வேண்டாம், வேர் அத்திவாரத்தைத் தேடிப் போகும். ஒரு முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய மரத்துக்கு இடம் விட்டு, அதைச் சுற்றி உட்காரும் உயரத்தில் மேடை கட்டுங்கள். மற்ற முற்றத்தின் நடுவை வெறுமையாக விடுங்கள். அது நாளங்காடி. முட்டித்தயிர் கொண்டு வரும் பெண்களும், பாலைப்பழக் காலத்தில் பழம் அளந்து விற்பவர்களும், சோளன் அவிப்பவர்களும் இன்று வீதிச் சாக்கடை ஓரத்தில் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிடுங்கள். அவர்களிடம் வருகிற சனம் உங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விட்ருவியஸ் தெருக்களைக் காற்று நேரே நுழையாதபடி திருப்பி அமைக்கச் சொன்னார். அவருக்குக் குளிர்காற்றும் நோயும் கவலை. நாம் அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் வெந்து போவோம். அவர் காற்றை அளந்த முறையை எடுத்துக்கொள்வோம், விடையை நம் ஊருக்கு நாமே எழுதுவோம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து சூடாக வீசுகிறது. மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வருகிறது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. நடுவழி கிழக்கு மேற்காகத் திறந்திருப்பதால் கடற்காற்று மண்டபத்துக்குள் நேரே நுழைந்து வாவிப்பக்கம் வெளியேறும். மீன் கடைகளை வடமேற்கு மூலைக்குக் கொண்டு போங்கள். கச்சானும் வாடையும் ஓடும் கோட்டுக்கு அந்த மூலை விலகி நிற்கிறது, கடற்காற்று அடித்தாலும் மீன் நாற்றம் வாவிப்பக்கம்தான் போகும். இப்போது மீன் கடை தென்மேற்கில் இருக்கிறது. கச்சான் காலம் முழுவதும் புடவைக் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பதற்கு அவருடைய மூக்கு காரணம் இல்லை.

தரை. கடைத்தளம் முற்றத்தைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது, நல்லது. 2011 ஜனவரி வெள்ளத்தை மறக்கக்கூடாது. ஆனால் இன்று ஏறுவதற்கு ஆளுக்கொரு கொங்கிரீட் கட்டியைப் போட்டிருக்கிறீர்கள். ஒரு வயதான அம்மா ஒரு கையில் பையும் மறு கையில் பிடிக்க ஒரு தூணும் இல்லாத வெறுமையுமாக அதில் ஏறத் தடுமாறியதைப் பார்த்தேன். விறாந்தை விளிம்பு முழுவதும் ஆறு அங்குலப் படி மூன்று வையுங்கள். படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், வலது காலை வைத்து ஏறத் தொடங்கியவன் வலது காலோடு மேலே வர வேண்டும் என்று விட்ருவியஸ் கோயில் படிக்குச் சொல்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அதுதானே. அந்தப் படியே சனத்துக்கு இருக்கையும் ஆகிவிடும். நடுமண்டபத்தின் இரு முனையிலும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 18 அடிச் சாய்தளம் வையுங்கள். சக்கர நாற்காலியும் சாமான் வண்டியும் அதில் ஏறட்டும்.

முற்றத்துக் கொங்கிரீட்டை உடைத்து, மரம் வரும் இடங்களில் மண்ணைத் திறந்து, மற்ற இடத்தில் இன்டர்லொக் கல் பதியுங்கள். நூற்றுக்கு ஒன்று சரிவு வாவியை நோக்கி. இப்போது வாவியோர வரிசை அணை போலக் குறுக்கே நிற்பதால்தான் மாரியில் அங்கே தண்ணீர் கட்டுகிறது. நடுவழியின் கீழ் மூடிய வடிகால் போனால் வழிந்துவிடும். வாவியில் விழும் முன் சேறும் குப்பையும் தங்கும் ஒரு தொட்டி கட்டாயம் வேண்டும். அந்த வாவியில் மீன் பிடிப்பவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்யப் பணம் இல்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். அப்படியானால் வரிசை இது. முதலில் மரம், ஐப்பசி மழை தொடங்கும்போதே. மரத்துக்குக் கொடுக்க வேண்டியது காலம், அதைப் பிறகு விலைக்கு வாங்க முடியாது. அடுத்தது வீதியோர வரிசையின் விறாந்தை, ஏனென்றால் சாவி திருப்பிக் கொடுப்பவர்கள் அந்த வரிசைக்காரர்கள். மூன்றாவது நடுவழி. மண்டபம் கடைசியாக வரட்டும், அதுவரை தென்னோலைக் கிடுகுப் பந்தல் போட்டுக்கொள்ளலாம். முக்கோண முகப்பை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல மலசலகூடம் கட்டுங்கள். பெண்கள் தொகுதியில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காததற்கு வெயிலைப் போலவே அதுவும் காரணம். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சீமெந்து மூட்டை ஒன்றையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்து பார்ப்போம். வீதியோர வரிசையில் வாளிக் கடையையும் அதன் இரு பக்கத்துக் கடைகளையும் எடுத்துக்கொள்வோம். வாசலிலிருந்து 10 அடிக்குச் சுண்ணாம்புக் கோடு கீறி, 12 அடிக்கு ஒரு கமுகு மரக்கால் நட்டு, 9 அடி உயரத்தில் தறப்பாள் இழுத்துக் கட்டுவோம். கீழே இரண்டு வாங்கு போடுவோம். இரண்டு வாரம் பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒருவர் கொப்பியில் எழுதட்டும். எதிர் வரிசையில் மூன்று கடைக்கும் அப்படியே எழுதட்டும். அந்தக் கொப்பியை சங்கக் கூட்டத்தில் வாசித்த பிறகு வரைபடத்தைப் பற்றிப் பேசலாம்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு நான் வருகிறேன். நூறடி நாடாவை நானே கொண்டு வருவேன். கயிறு, சுண்ணாம்பு, எட்டுக் கமுகு மரக்கால், தூக்கிப் பிடிக்க இரண்டு பொடியன்மார் அங்கே இருந்தால் போதும்.